எலிக்கும் முயலுக்கும் எவ்வளவு சக்தி போதும்?

கேள்வி: நாலு ஏக்கர் நிலம். ஒரு தீவனக் கொட்டகை, ஒரு கோழிக்கூண்டு. எலித் தொல்லை, முயல் தொல்லை, ராத்திரியில பூனை அளவுக்கு ஏதோ ஒண்ணும் வருது. ஏர் ரைஃபிள் வாங்கப் போறேன்னா சின்னப்பிள்ளை சாமான்னு சிரிக்கிறாங்க. .223 ரைஃபிள் வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஒரே துப்பாக்கி ஆயிடும்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். நடுத்தர சக்தியில ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எது? லைசன்ஸ் எடுக்கத் தயார்.

ஜனவரி 11

எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு நினைச்சு நானும் ஏமாந்திருக்கேன். முதல்ல கணக்கைப் பார்ப்போம். கீழே வர்ற .17, .22, .223 எல்லாம் ஏறக்குறைய குண்டோட அகலம், அங்குலத்துல; கூட வர்ற எல்ஆர், எச்எம்ஆர் மாதிரிப் பேரெல்லாம் தோட்டா வகை. ஜூல்ங்கிறது குழாயை விட்டுக் கிளம்பும்போது குண்டுல இருக்கிற சக்தி.

சாதாரண ஏர் ரைஃபிள் 16 ஜூல் சுமார். .22 எல்ஆர்ல வேகம் குறைஞ்ச தோட்டா 135லிருந்து 140 ஜூல். .17 எச்எம்ஆர் 330. .22 மேக்னம் 440 பக்கம். .22 ஹார்னெட் ஆயிரத்தைத் தொடும். உங்க நண்பர் சொல்ற .223, 1,700 ஜூலுக்கு மேல. ஏர் ரைஃபிளோட ஒப்பிட்டா நூறு மடங்கு. கொட்டகையில மூட்டை மேல உக்காந்திருக்கிற எலிக்கு இது.

நடுத்தரம்னு நீங்க சொல்றது .22 எல்ஆர்ல ஆரம்பிச்சு .22 மேக்னத்துல முடியும். என் ஓட்டு .22 எல்ஆருக்கு. 1880கள்லிருந்து இருக்கிற தோட்டா, எங்கேயும் கிடைக்கும், தோள்ல அடிக்காது. முடிஞ்சது.

ஜனவரி 11, இரவு

முடியலை. சாப்பிட்டுட்டு உக்காந்தப்ப உறுத்துது. உங்க நிலத்தைப் பத்தி ஒரு கேள்வியும் கேக்காம ஓட்டுப் போட்டுட்டேன். நாளைக்குக் காலடி வச்சு அளந்து சொல்லுங்க: எங்க நின்னு சுடுவீங்க, அங்கேருந்து எலி எவ்வளவு தூரம், முயல் எவ்வளவு தூரம், அதுக்குப் பின்னால என்ன இருக்கு. மூணாவதுதான் முக்கியம். மண்மேடா, சுவரா, ரோடா, வீடா?

"பூனை அளவுக்கு ஏதோ ஒண்ணு" பத்தி: என்னன்னு தெரியாததைச் சுடாதீங்க. அது என்னன்னு முதல்ல பாருங்க, அப்புறம் அதைச் சுட உங்க ஊர்ச் சட்டத்துல இடம் இருக்கான்னு பாருங்க.

ஜனவரி 14

பின்னால என்ன இருக்குன்னு ஏன் நச்சரிக்கிறேன்னு ஒருத்தர் கேட்டார். சொல்றேன்.

என்கிட்ட .22 எல்ஆர் வந்த முதல் வருஷம். பொழுது சாயுற நேரம், ஐம்பது மீட்டர்ல முயல், தரை மட்டம், காய்ஞ்ச இறுகின மண். நான் நின்னுட்டுத்தான் சுட்டேன். ஆனா நிக்கிற மனுசனோட உயரம் ஐம்பது மீட்டர் தூரத்துக்கு ஒண்ணுமே இல்லை, குண்டு கிட்டத்தட்ட தரையை உரசிக்கிட்டேதான் போகும். முயல் துள்ளிடுச்சு. 'டப்'னு மண்ணுல படுற சத்தத்தை எதிர்பார்த்தேன். வந்தது வேற சத்தம். தேனீ காதை உரசிட்டுப் போற மாதிரி நீளமா ஒரு ரீங்காரம், ஒரு நொடி அமைதி, அப்புறம் எங்கேயோ தகரத்துல 'டங்'.

அந்தத் தகரம் எங்க இருக்குன்னு நடந்து போய்த் தேடினேன். இருநூறு அடி கழிச்சு என் வேலி முடிஞ்சது, அதுக்கும் அந்தப் பக்கம் ஒரு கொட்டகைக் கூரை. உள்ளே ஆள் இல்லை. ஓட்டை விழலை, ஒரு நெளிசல்தான். அந்த வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்தேன். அவர் ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் ஆறு மாசம் அந்தப் பக்கம் துப்பாக்கியைத் திருப்பக் கை வரலை.

வேகம் குறைஞ்ச, கனமான ஈயக் குண்டு உடையாது. கல்லு, இறுகின மண், தண்ணீர், எதுல சாய்வாப் பட்டாலும் தெறிச்சுக்கிட்டு மேல போகும். .22 எல்ஆர் பெட்டிகள்ல ஒன்றரை மைல் வரைக்கும் ஆபத்துன்னு எச்சரிக்கை போட்டிருப்பாங்க. ஒன்றரை மைல்னா 2.4 கிலோமீட்டர். உங்களுக்கு நாலு ஏக்கர்.

ஜனவரி 15

அப்படின்னா .17 எச்எம்ஆர் பாதுகாப்பா?

ஒரு வகையில ஆமா. 2002ல வந்தது. குண்டு 1.1 கிராம்தான், ஆனா நொடிக்கு 777 மீட்டர் வேகம். நுனியில பிளாஸ்டிக் வச்ச குண்டு, பட்ட இடத்துலயே பொடியாயிடும், தெறிக்கிறது ரொம்பக் குறைவு. நூறு மீட்டர் வரைக்கும் ஏறக்குறைய நேர்கோடு, தூரத்தைக் கொஞ்சம் தப்பாக் கணிச்சாலும் மன்னிக்கும்.

ஆனா சத்தம். ஒலியைவிட வேகமாப் போறதால சைலன்சர் போட்டாலும் சவுக்கைச் சொடுக்கின மாதிரி ஒரு வெடிப்பு இருந்தே தீரும். ஒரு முயலைச் சுட்டா மத்த எல்லா முயலும் அன்னைக்கு லீவு. கொட்டகைக்குள்ளே நினைச்சே பார்க்க வேண்டாம். அப்புறம், குறைவா தெறிக்கும்னா தெறிக்கவே தெறிக்காதுன்னு அர்த்தம் இல்லை. குறி தப்பி வானத்தைப் பார்த்துப் போன குண்டு எதுலயும் பட்டுப் பொடியாகப் போறதும் இல்லை.

வேகமான குண்டு காத்துலயும் குறைவா அலையும், அது இன்னொரு லாபம்.

ஜனவரி 17

மேல கடைசி வரியை அப்படியே நம்பாதீங்க. .17க்கு ஓரளவு சரிதான், ஆனா பொது விதி மாதிரி எழுதிட்டேன். .22 எல்ஆர்லயே அது தலைகீழ். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதைத் தாண்டிக் கிளம்புற 'ஹை வெலாசிட்டி' .22, அந்த எல்லையைக் கடந்து கீழே இறங்கும்போது காத்தோட தடையை நிறைய வாங்கிக்கும். அதனால நூறு மீட்டர்ல பக்கவாட்டுக் காத்து அதைத் தள்ளுறது, 325 மீட்டர் வேகத்துல அமைதியாக் கிளம்பின சாதாரணத் தோட்டாவைத் தள்ளுறதைவிட அதிகம். குண்டு எவ்வளவு நேரம் பறக்குதுங்கிறது இல்லை கணக்கு, வழியில எவ்வளவு நேரத்தைத் தொலைச்சதுங்கிறதுதான்.

இதை நான் புத்தியால கண்டுபிடிக்கலை. ரெண்டு பெட்டி மாறி மாறிச் சுட்டு, வேகமான பெட்டியோட ஓட்டைகள் அதிகமா வலப்பக்கம் ஒதுங்கி இருந்ததைப் பார்த்துட்டு, ஸ்கோப் (குறி பார்க்கிற தொலைநோக்கி) கெட்டுப் போச்சுன்னு ஒரு வாரம் அதைத் திட்டினேன்.

ஜனவரி 18

சைலன்சரும் வேகம் குறைஞ்ச தோட்டாவும் சேர்ந்தா .22 கைதட்டின அளவுக்குத்தான் கேக்கும். அந்த அமைதிக்காகத்தான் நான் அதை விக்காம வச்சிருக்கேன். சைலன்சருக்கு எங்க அனுமதி, எங்க தடைங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், பார்த்துக்குங்க.

அமைதியோட விலை: குண்டு தொங்கும். ஐம்பது மீட்டருக்கு ஜீரோ பண்ணினா, அதாவது குறி வச்ச இடத்துலயே அந்தத் தூரத்துல குண்டு படுற மாதிரி ஸ்கோப்பைத் திருப்பி வச்சா, நூறுல ஒரு சாணுக்கு மேல கீழே போய் அடிக்கும். முயலோட தலையைப் பார்த்துச் சுட்டா முயலுக்கு முன்னால இருக்கிற புல்லு சாகும்.

ஜனவரி 20

கேட்டவர் அளந்து அனுப்பிட்டார். கொட்டகைக்குள்ளே 6லிருந்து 12 மீட்டர். முயல் வர்ற இடம், பின்வாசல்லேருந்து 31 மீட்டர். அதுக்குப் பின்னால தாழ்ந்த முள்வேலி, வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப் போடுற கொடி.

என் முதல் ஓட்டை வாபஸ் வாங்கிக்கிறேன். 31 மீட்டருக்கு ஏர் ரைஃபிள் போதும். துணிக்கொடியைப் பார்த்து அதையும் சுடக் கூடாது, அது வேற விஷயம், பிறகு வரேன்.

ஜனவரி 20, கொஞ்ச நேரம் கழிச்சு

சின்னப்பிள்ளை சாமான்னு சிரிக்கிறவங்களுக்கு: 1780 வாக்குல ஆஸ்திரிய ராணுவம் ஜிரார்டோனி ஏர் ரைஃபிளைப் படையில சேர்த்துச்சு. புகை கிடையாது, மழையில நனைஞ்சா கெட்டுப் போற வெடிமருந்து கிடையாது, வரிசையா இருபது குண்டுக்குக் குறையாமச் சுடும். மத்தவங்க ஒவ்வொரு குண்டுக்கும் குழாயில மருந்து கிட்டிச்சுக்கிட்டு இருந்த காலம் அது. அடிக்கடி பழுதாகும், காத்து அடிச்சு அடிச்சுக் கை ஓய்ஞ்சு போகும், அதான் நிலைக்கலை.

இப்பவும் காத்து அடிச்சுக் கை ஓயுது. பிசிபி (முன்கூட்டியே காத்தை அழுத்தி அடைச்சு வச்சுச் சுடுற ஏர் ரைஃபிள்) வாங்கினவன் சொல்றேன். 200 பார் வரைக்கும் கைப்பம்புல ஏத்திப் பாருங்க, ஜிம் கட்டணம் மிச்சம்.

ஜனவரி 23

ஸ்பிரிங்கா பிசிபியா?

ஸ்பிரிங் துப்பாக்கி எளிமை. பேரலை மடக்கு, பெல்லட்டை (ஏர் ரைஃபிளோட சின்னக் குண்டு) வை, சுடு. வேற எதுவும் தேவையில்லை. ஆனா உள்ளே ஒரு கனமான பிஸ்டன் முன்னால பாய்ஞ்சு முட்டி நிக்குது. பெல்லட் பேரலை விட்டு வெளியே போறதுக்கு முன்னாடியே துப்பாக்கி பின்னாடி ஒரு உதை, முன்னாடி ஒரு உதை உதைச்சிடும். இறுக்கிப் பிடிச்சா குறி சிதறும். உள்ளங்கையில சும்மா கிடக்கிற மாதிரி விட்டாத்தான் ஒரே இடத்துல அடிக்கும். இறுக்கிப் பிடிச்சே பழகினவனுக்கு இது நரகம். அந்த முன் உதைக்குத் தாங்காத ஸ்கோப்பைப் போட்டா உள்ளே குறி காட்டுற கம்பி கழண்டுடும். சாதாரண .22க்குன்னு வச்சிருந்த ஸ்கோப்பை நான் இப்படி ஒண்ணு காலி பண்ணினேன்.

காலியா வச்சு டிரிகரை இழுத்துப் பாக்காதீங்க. பெல்லட் இல்லைன்னா பிஸ்டனைத் தடுக்கக் காத்து மெத்தை கிடையாது, நேரா போய் இடிக்கும். பல .22 எல்ஆர்லயும் காலியாச் சுட்டா தோட்டாவை அடிக்கிற ஊசி, தோட்டா உக்கார்ற அறையோட விளிம்பைக் கொத்தும்.

பிசிபி உதைக்காது. முதல் நாளே சின்னக் காசு அளவுல அஞ்சு ஓட்டையும் விழும். ஆனா பம்பு, ரப்பர் வளையம், கசிவு, காத்தளவு காட்டுற முள்ளுன்னு ஒரு குடும்பமே கூட வரும். எலி வந்த ராத்திரி பார்த்துக் காத்து இறங்கி இருக்கும்.

ஜனவரி 24

ஏர் ரைஃபிள் .177ஆ .22ஆங்கிற சண்டைக்குள்ளே இழுக்காதீங்கன்னு நினைச்சேன், இழுத்துட்டீங்க.

ரெண்டுக்கும் சக்தி ஒண்ணுதான், 16 ஜூல். .177 பெல்லட் அரை கிராம் சொச்சம், 240 மீட்டர் வேகம். .22 ஒரு கிராம், 175 மீட்டர் வேகம். 25 மீட்டருக்கு ஜீரோ பண்ணிட்டு 40ல சுட்டா என் கணக்குல முதலாவது 5 சென்டிமீட்டர் கீழே, ரெண்டாவது 8, 9. எலித் தலை எவ்வளவு அகலம்? கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெருசு. அப்ப எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.

.22 பக்கம் பேசுறவங்க, பட்டா அங்கேயே விழும், .177 உள்ளே நுழைஞ்சு வெளியே போயிடும்பாங்க. உடம்புல பட்டா அது உண்மை. ஆனா உடம்புல படுற மாதிரி சுடவே கூடாது, ரெண்டுலயும். மூளையில பட்டா ரெண்டும் ஒண்ணுதான்.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஊர் வரம்பைப் பாருங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல தனிச் சான்றிதழ் இல்லாம வச்சுக்க 16.3 ஜூல் வரைக்கும்தான். ஜெர்மனியில 7.5. இந்தியாவுல 2016 விதிகள்படி 20 ஜூலுக்கு மேல போனாலோ குழாய் .177ஐ விடப் பெருசா இருந்தாலோ லைசன்ஸ். அங்க .22 ஏர் ரைஃபிள்னா சக்தி எவ்வளவு குறைஞ்சாலும் காகிதம் வேணும். இதெல்லாம் துப்பாக்கியை வச்சுக்கிறதுக்கு. எந்த உயிரைச் சுடலாம்ங்கிறது தனிச் சட்டம்.

ஜனவரி 26

நேத்து ராத்திரி நடந்தது. எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி இவ்வளவு எழுதிட்டேனா, அதான் எழுதறேன்.

கொட்டகையில சிவப்பு விளக்கு. எலிக்குச் சிவப்பு சரியாத் தெரியாது, அதனால வெளிச்சத்துக்குள்ளேயே நிதானமா வரும். தீவன மூட்டை மேல ஏறி, முன்னங்கால் ரெண்டையும் கூப்பிக்கிட்டு ஏதோ கொறிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஏழு மீட்டர். ஸ்கோப்ல மீசை முடி வரைக்கும் தெரியுது. காதுக்கும் கண்ணுக்கும் நடுவுல கம்பியை வச்சு இழுத்தேன். மூட்டையில ஓட்டை. தானியம் சரசரன்னு கொட்டுது. எலி என்னை ஒரு தடவை பார்த்துட்டுப் போச்சு.

தப்பு என்னுதுதான். ஸ்கோப் குழாய்க்கு மேல நாலு சென்டிமீட்டர் உயரத்துல இருக்கு. ஜீரோ 30 மீட்டருக்கு. ஏழு மீட்டர்ல பெல்லட் இன்னும் பார்வைக் கோட்டுக்கு ஏறி வந்து சேரலை, கம்பிக்குக் கீழேதான் போகும். தூரத்துக்கு மேல பிடிக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், கிட்டத்துக்கும் மேல பிடிக்கணும்ங்கிறது மூட்டை கிழிஞ்சாத்தான் ஞாபகம் வரும். 6, 8, 10, 12 மீட்டர்ல காகிதம் ஒட்டிச் சுட்டு, எவ்வளவு மேல பிடிக்கணும்னு எழுதி துப்பாக்கிக் கட்டையில ஒட்டி வைங்க. எனக்கும் அப்படி ஒரு சீட்டு இருந்துச்சு. துடைக்கும்போது பிஞ்சு போச்சு.

வீட்டுல கேட்டாங்க: "எலிக்குத் தையல் மெஷின் வாங்கித் தந்தியா, மூட்டையைத் தைக்க?"

ஜனவரி 27

பெல்லட் பத்தி ஒரு வார்த்தை. நல்ல பேர் எடுத்த, பளபளன்னு டப்பாவுல வர்றதை வாங்கி என் துப்பாக்கியில போட்டேன், சிதறுச்சு. மூலையில கிடந்த மலிவு டப்பா ஒரே ஓட்டையில அடிச்சுச்சு. குழாய்க்குப் பிடிச்சதுதான் நல்ல பெல்லட். நாலு வகை வாங்கி அஞ்சஞ்சு சுட்டுப் பாருங்க. .22 எல்ஆருக்கும் இதே கதைதான்.

அஞ்சும் ரெண்டரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள்ளே விழுற தூரம் எதுவோ, அதுதான் உங்க தூரம். மேஜையில வச்சுச் சுட்டது கணக்கில்லை. இருட்டுல, குத்தவச்சு, கொசு கடிக்கும்போது சுட்டது. எனக்கு அது ஏர் ரைஃபிள்ல 28 மீட்டர். முப்பதுன்னு வெளியில சொல்லிக்குவேன்.

ஜனவரி 30

காட்டுப்பன்றிக்கு இதுல எது ஆகும்னு புதுசா ஒருத்தர் கேட்டார். எதுவும் ஆகாது. .22 எல்ஆர் குண்டை வாங்கிட்டு ஓடுற பன்றி ரெண்டு நாள் கழிச்சுத்தான் சாகும், அதுக்குள்ளே அது யாரைக் குத்தும்னு தெரியாது. அது வேற துப்பாக்கி, வேற சட்டம், வேற ஆளோட வேலை.

பிப்ரவரி 2

சுட்ட எலியை வேலிக்கு வெளியே வீசிடுவேன்னு கேட்டவர் போற போக்குல எழுதியிருந்தார். வேண்டாம். ஈயக் குண்டோ அதோட துணுக்கோ உடம்புக்குள்ளேயே கிடக்கலாம். ஆந்தையோ கழுகோ அதைத் தின்னா ஈயம் அதுக்குள்ளே போகும். கலிஃபோர்னியாவுல வேட்டைக்கு ஈயக் குண்டை 2019 ஜூலையிலிருந்து முழுசாத் தடை பண்ணினதுக்கு அங்க இருந்த காண்டோர் கழுகுகள் செத்துக்கிட்டு இருந்தது பெரிய காரணம். ஆழமாப் புதைங்க, கையுறை போட்டுக்கிட்டு.

கொட்டகையில ஆந்தை இருந்தா, மாசத்துல நீங்க சுடுற எலியை அது ஒரு வாரத்துல முடிச்சிடும். அதுக்கு ஜீரோவும் பண்ண வேண்டாம்.

பிப்ரவரி 3

ஆந்தையை எழுதினப்புறம் இதையும் எழுதாம இருக்க முடியலை. எலியைத் துப்பாக்கியால ஒழிக்க முடியாது. மூணு வாரம் சினை, ஒரு ஈத்துல எட்டுப் பத்துக் குட்டி. நான் போன மாசம் ஒன்பது சுட்டேன், பெருமையா எழுதி வச்சேன். கதவுக்கு அடியில விரல் நுழையுற இடைவெளியைத் தகரம் அடிச்சு மூடினேன், தீவனத்தை மூடி போட்ட டிரம்முக்கு மாத்தினேன். அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரியா உக்காந்தும் மொத்தம் ரெண்டே எலி. உள்ளே மாட்டிக்கிட்ட கடைசி ஒண்ணு ரெண்டுக்குத்தான் துப்பாக்கி. இதை ஜனவரி 11ஆம் தேதியே சொல்லியிருக்கணும். துப்பாக்கியைப் பத்திக் கேட்டா எனக்குத் துப்பாக்கியைப் பத்தித்தான் பேசத் தோணுது.

பிப்ரவரி 8

கேட்டவர் .177 ஸ்பிரிங் வாங்கிட்டார். ராத்திரி கேமராவும் வச்சிருக்கார். "பூனை அளவுக்கு ஏதோ ஒண்ணு" யாருன்னு தெரிஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுப் பூனை. எலி பிடிக்க வருதாம்.

பிப்ரவரி 9

தம்பி, அந்தத் துணிக்கொடி விஷயத்தைப் பிறகு வரேன்னுட்டு மறந்துட்டேன். நீங்க அனுப்பின வரைபடத்தைப் பார்த்தேன். பின்வாசல்ல உக்காந்தா முயலுக்குப் பின்னால கொடி. கிணறு வெட்டின மண்ணைக் குவிச்சு வச்சிருக்கீங்களே, தலை உயரத்துக்கு மேல, அது கிழக்குப் பக்கம் இருக்கு. நாற்காலியைத் தூக்கித் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல போடுங்க. அங்கேருந்து பார்த்தா முயலுக்குப் பின்னால அந்த மண் வரும். தூரமும் 22 மீட்டரா குறையுது.

மண்ணுல கல்லு இருந்தா முன்பக்கத்தை ஒரு அடிக்குச் சலிச்சுப் போடுங்க. நானும் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அதான் பண்ணினேன், இடுப்பு இன்னும் வலிக்குது.